வீட்டுக்கு முதல் வெல்டிங் மெஷின்: பெட்டியில் ‘200’ என்று இருந்தால் போதுமா?

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் நல்லூர். அங்கே உங்கள் வீடு என்று வைத்துக்கொள்வோம். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை. பைக் நிறுத்துமிடத்துக்கு மேல் தகரம் போட ஒரு சட்டம் வேண்டும். மாடியில் பூந்தொட்டி ஸ்டாண்ட், கொல்லையில் கோழிக்கூண்டு என்று பட்டியல் நீள்கிறது. பட்டறை அண்ணனைக் கேட்டால், “பெரிய கேட் வேலை ஓடுது தம்பி, பத்து நாள் ஆகும்” என்கிறார். சரி, நாமே ஒரு மெஷின் வாங்கிவிடலாமே என்று போனை எடுக்கிறீர்கள்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 200 ஆம்பியர், 250 ஆம்பியர், 300 ஆம்பியர் என்று பெட்டிக்குப் பெட்டி எண் ஏறுகிறது. விலையில் ஆயிரம், இரண்டாயிரம்தான் வித்தியாசம். “பெருசாவே வாங்கிடுவோம்” என்றுதான் யாருக்கும் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். உங்கள் வீட்டில் எவ்வளவு வெல்டிங் செய்ய முடியும் என்பதை முடிவு செய்வது அந்தப் பெட்டி மட்டும் அல்ல, சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டும்தான். அதிலிருந்து கணக்கைத் தொடங்கினால், எந்த மெஷின் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

எந்த வகை மெஷின்?

கடையில் பொதுவாக மூன்று வகை கண்ணில் படும்.

முதலாவது, பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின். உள்ளே கனமான கம்பிச்சுருள். சில மாடல்களில் குளிர்விக்க எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அடித்து நொறுக்கினாலும் ஓடும். ஆனால், தூக்க இரண்டு ஆள் வேண்டும். மின்சாரத்தையும் அதிகம் இழுக்கும். பட்டறைக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது, இன்வெர்ட்டர் மெஷின். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. இந்த மெஷின் அதைப் பல ஆயிரம் முறையாக மாற்றுகிறது. அதனால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கையளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். ராடு வைத்துப் பத்தவைக்கும் சிறிய மாடல்கள் சுமார் 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன.

மூன்றாவது, மிக் மெஷின். ராடுக்குப் பதில், சுருளிலிருந்து கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும். மெல்லிய தகட்டுக்கு அருமையானது, பழகுவதும் எளிது. ஆனால் விலை பத்தாயிரத்தைத் தாண்டும். கேஸ் சிலிண்டர் அல்லது கேஸ் தேவைப்படாத தனிக் கம்பி வாங்க வேண்டும். சின்ன ஊரில் அந்தக் கம்பி தீர்ந்தால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ராடு அப்படி இல்லை, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும்.

ஆக, முதல் மெஷின் என்றால் ராடு போடும் இன்வெர்ட்டர்தான் சரி.

அந்த 200-இன் உண்மைக் கணக்கு

வீட்டு வேலைக்கு நாம் வாங்கும் ஸ்கொயர் பைப்பும் எல் ஆங்கிளும் பெரும்பாலும் 1.6 மி.மீ. முதல் 5 மி.மீ. தடிமன்தான். இதற்கு 2.5 மி.மீ. ராடு போதும். கடையில் ‘12 நம்பர்’ என்று கேட்டால் தருவார்கள். இது 60 முதல் 90 ஆம்பியரில் எரியும். கொஞ்சம் தடித்த இரும்புக்கு 3.15 மி.மீ., அதாவது ‘10 நம்பர்’. அதற்கு 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும்.

இப்போது 80 ஆம்பியரில் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராடு முனையில் சுமார் 23 வோல்ட் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1.9 கிலோவாட். மெஷினில் வீணாவதையும் சேர்த்தால் 2.3 கிலோவாட் வரும். தண்ணீர் சுடவைக்கும் கீசரைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் மின்சாரத்தைச் சீராக இழுக்காமல் விட்டுவிட்டு இழுக்கும். அதனால், 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் எடுக்கிற இடத்தில் இது 14, 15 ஆம்பியர் எடுத்துவிடும்.

வீட்டில் ஏசி, மோட்டார் மாட்டுகிற பெரிய பிளக் பாயிண்ட்டின் எல்லை 16 ஆம்பியர். அதாவது, 12 நம்பர் ராடிலேயே கிட்டத்தட்ட எல்லையைத் தொட்டுவிட்டோம். அதே மெஷினை உண்மையாகவே 200 ஆம்பியரில் ஓட்டினால், சுவரிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிளக் தாங்காது, ஒயரும் தாங்காது.

எனவே பெட்டியில் 200 இருந்தாலும் 300 இருந்தாலும், சாதாரண வீட்டு பாயிண்ட்டில் உங்களுக்குக் கிடைப்பது 80, 90 ஆம்பியர்தான். அந்த அளவில் நம்பிக்கையாக ஓடும் மெஷின் எது என்பதுதான் சரியான கேள்வி.

வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

எலெக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டு, வெல்டிங்குக்கென்று மீட்டர் பெட்டியிலிருந்தே தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த், ஆளைக் காக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் நிம்மதி. மிக்ஸிக்கு வைத்திருக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மெஷினை மாட்டவே கூடாது. ஒயர் சுருட்டியபடியே இருந்தால் இன்னும் சீக்கிரம் சூடேறி உருகும்.

பழைய வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் இருக்கும். வெல்டிங் போடும்போது ஃபியூஸ் போகிறதே என்று அதில் தடிமனான கம்பியைச் சுற்றிவிடுவது நம் ஊரில் சகஜம். அப்படிச் செய்தால் ஃபியூஸ் போகாது. அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கும் ஒயர் போகும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மெஷினிலிருந்து வந்து இரும்பில் கவ்வும் கிளாம்பைப் பட்டறையில் ‘எர்த்’ என்பார்கள். அது வீட்டு எர்த் அல்ல. மின்சாரம் திரும்பிப் போவதற்கான வழி, அவ்வளவே. ஆகவே மூன்று பின் பிளக்கில் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு, “அதான் எர்த் கிளாம்ப் இருக்கே” என்று சொல்வது உயிரோடு விளையாடுவது.

வீட்டு இணைப்பில் உங்கள் சொந்த வேலையைச் செய்வது ஒன்று, அக்கம்பக்கத்தாருக்குக் காசு வாங்கிக்கொண்டு கேட் செய்து கொடுப்பது வேறு. அனுமதித்த பயன்பாட்டை மீறி மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் கூடுதல் கட்டணம் விதிக்க முடியும். தொழிலாகச் செய்யும் எண்ணம் இருந்தால், முதலிலேயே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

கடையில் என்ன கேட்பது?

* பின்பக்கத் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஆம்பியரில் எத்தனை சதவீதம் ஓடும் என்று அதில் இருக்கும். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் பத்தவைக்கலாம், நான்கு நிமிடம் ஆறவிட வேண்டும். அது 40 டிகிரி வெயிலுக்குச் சொன்ன கணக்கா என்றும் பாருங்கள். கடலூர் மாவட்டத்தில் மே மாதம் அதுதான் நிலவரம்.
* எத்தனை வோல்ட் வரை தாங்கும்? சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊரில் இது முக்கியம்.
* ராடு பிடிக்கும் கேபிளும் கிளாம்ப் கேபிளும் எவ்வளவு நீளம், எவ்வளவு தடிமன்? விலை குறைந்த மெஷின்களில் முதலில் கை வைப்பது இங்கேதான்.
* ராடு இரும்பில் ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தைத் தானே குறைக்கும் வசதி உண்டா? புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி.
* பழுதானால் எங்கே கொடுப்பது? விருத்தாசலத்திலோ கடலூரிலோ சர்வீஸ் உண்டா, கூரியரில் அனுப்ப வேண்டுமா?

முடிந்தால் கடையிலேயே ஒரு 12 நம்பர் ராடைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ராடு எரிந்து தீர ஏறக்குறைய ஒரு நிமிடம். பிறகு கசடைத் தட்ட வேண்டும், பிரஷ் போட வேண்டும், அடுத்த மூலையைப் பிடிக்க வேண்டும். அதற்குள் மெஷின் ஆறிவிடும். வீட்டு வேலையில் நமக்குப் பெரிய மெஷின் தேவைப்படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ராடும் ஒரு பீங்கான் சமாச்சாரம்தான்

விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு செய்தி. வெல்டிங் ராடு மேல் இருக்கும் பூச்சு, உங்களுக்குப் பழக்கமான பொருள்களால் ஆனதுதான். பீங்கான் கலவையில் சேரும் களிமண், பெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களும் ரூட்டைலும் அதில் உண்டு. ரூட்டைல், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலும் கிடைப்பது. இவற்றைச் சிலிக்கேட் பசையால் குழைத்து, கம்பியின் மேல் பூசி, சூட்டில் உலர்த்துகிறார்கள்.

எரியும்போது இந்தப் பூச்சுதான் புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பின் மேல் காற்று படாமல் மூடிக்கொள்கிறது. பூச்சு உதிர்ந்த ராடு, ஈரம் ஏறிய ராடு இரண்டிலும் பற்று நிற்காது, ஓட்டை ஓட்டையாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராடு சீக்கிரம் நமத்துப்போகும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். புதியவர்களுக்கு ‘6013’ வகை ராடுதான் எளிது. உறையில் ஐ.எஸ். 814 தரக்குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கண், மூச்சு, தீ

மெஷினில் மிச்சம் பிடிக்கும் இரண்டாயிரத்தை இங்கே போடுங்கள்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகுதான் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் கண் உறுத்தும், தண்ணீராய்க் கொட்டும். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிட்டது என்று அர்த்தம். உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்று கைவைத்தியம் பார்க்காமல் கண் மருத்துவரிடம் போங்கள். கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது. 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி போட்ட முகக்கவசம் வேண்டும். வெளிச்சம் பட்டதும் தானே கறுக்கும் ஹெல்மெட் கிடைத்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், பழகுவதும் சுலபம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர்கள் கண்ணும் கண்தான்.

புகையும் லேசானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2017-இல் சேர்த்தது. திறந்தவெளியில், காற்று உங்கள் பக்கவாட்டில் வீசும்படி உட்காருங்கள். ஜி.ஐ. பைப் என்றால் பத்தவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல்போல உடம்பைத் தூக்கிப்போடும்.

தீப்பொறி 35 அடி வரை தெறிக்கும் என்றே பாதுகாப்பு விதிகள் கணக்கு வைக்கின்றன. கீற்றுக் கொட்டகையும் வைக்கோல் போரும் இருக்கும் கொல்லையில் அது எவ்வளவு தூரம் என்று நீங்களே அளந்து பாருங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் மணலும் இருக்கட்டும். ஆனால் மெஷினிலோ ஒயரிலோ தீ பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் எம்.சி.பி.யை அணையுங்கள். வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அந்த இடத்தில் ஒரு கண் வையுங்கள்.

தோல் கையுறை, பருத்திச் சட்டை, ஷூ. செருப்போடு, ஈரத்தரையில், வேர்த்த உடம்போடு வேண்டவே வேண்டாம்.

எதைத் தொடக்கூடாது?

முதல் பாக்கெட் ராடு முழுவதையும் பழகுவதற்கே செலவழியுங்கள். இரண்டு பட்டையை ‘ட’ போலப் பத்தவைத்து, வைஸில் கவ்விச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். இரும்பு வளைந்தும் பற்று நின்றால் நீங்கள் தேறிவிட்டீர்கள். பற்று பிய்ந்தால் அடுத்த ராடு.

அதன் பிறகு பூந்தொட்டி ஸ்டாண்ட், கோழிக்கூண்டு, செருப்பு ராக் என்று தாராளமாக இறங்குங்கள். ஆனால் மாடிப்படி, பால்கனி கைப்பிடி, ஊஞ்சல் கொக்கி, தண்ணீர் டேங்க் ஸ்டாண்ட் போன்றவை உடைந்தால் ஆள் விழும் வேலைகள். அவற்றைப் பட்டறைக்காரரிடமே கொடுங்கள். பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம், கேஸ் சிலிண்டர் பக்கம் போகவே கூடாது. காலியாக இருப்பதாகத் தோன்றும் டிரம்மில்கூட ஆவி மிச்சம் இருக்கும். ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

வருடத்துக்கு ஒரு வேலைதான் என்றால், யோசிக்காமல் பட்டறையிலேயே கொடுத்துவிடலாம். அதற்கு மேல் என்றால், தனி லைனும் நல்ல கவசமும் முதலில். மெஷின் அடுத்து. அந்தப் பட்டறை அண்ணனிடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, ராடு பிடிக்கக் கற்றுத் தரச் சொல்லிக் கேளுங்கள். பெட்டியில் வரும் கையேடு சொல்லாததை அவர் அரை மணி நேரத்தில் காட்டிவிடுவார்.