நிறுத்திய காரணம் யாது?

சாதாரண மனிதன் அரசாங்கத்தின் அதிகாரத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் பல அல்ல. நீதிமன்றத்தின் படிகளை வாழ்நாளில் ஒருமுறையேனும் மிதியாதவர் பலர் உளர். ஆயின் மோட்டார் வாகனஞ் செலுத்துவோருள், பொலிஸ் உத்தியோகத்தர் கைகாட்டியதும் வாகனத்தை வீதியோரத்தில் ஒருமுறையாவது நிறுத்தாதவர் மிகச் சிலரே. அவ்வாறு நிறுத்தப்பட்டவரின் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, "என்னை ஏன் நிறுத்தினார்?" என்பதாகும். இந்தச் சிறு கேள்விக்கு விடையளிக்கும் கடமை பொலிஸாருக்கு உண்டா? உண்டெனின் அவ்விடையை எப்பொழுது சொல்லவேண்டும்? ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் சில அண்மைக் காலத்தில் இக்கேள்விகளைச் சட்டமன்றத்திலே வைத்து ஆராய்ந்து, தம் குற்றவியற் சட்டத்தையும் போக்குவரத்துச் சட்டத்தையும் திருத்தியிருக்கின்றன. அத்திருத்தங்களின் வரலாற்றையும் பொருளையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே பொலிஸ் படை என்பது இல்லை. நகரங்கள், கவுண்டிகள், மாநிலங்கள் என்பனவற்றின் கீழ் ஏறத்தாழ 18,000 பொலிஸ் அமைப்புகள் இயங்குகின்றன. வீதிச் சட்டத்தையும் குற்றச் சட்டத்தின் பெரும்பகுதியையும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே இயற்றிக்கொள்கின்றது. இவையனைத்திற்கும் மேலாக நிற்பது கூட்டாட்சியின் அரசியல் யாப்பு. 1791ஆம் ஆண்டில் அதனோடு சேர்க்கப்பட்ட நான்காவது திருத்தம், நியாயமற்ற சோதனையினின்றும் கைப்பற்றலினின்றும் மக்களைக் காக்கின்றது. யாப்பு வகுத்த எல்லைக்குக் கீழே எந்த மாநிலமும் இறங்க முடியாது. அதற்கு மேலான பாதுகாப்பை அளிக்க விரும்பும் மாநிலத்துக்குத் தடை இல்லை. பின்னர் கூறப்படும் மாற்றங்களுக்கெல்லாம் இடங்கொடுத்தது இந்த அமைப்பே.

வீதியிலே வாகனத்தை நிறுத்துவது பற்றி அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளுள் மூன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். முறையாக நிறுத்தப்பட்ட வாகனத்தின் சாரதியை வெளியே இறங்குமாறு உத்தியோகத்தர் பணிக்கலாம் என 1977ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் கூறியது. இரண்டாவது, 1996ஆம் ஆண்டின் ரென் வழக்கு. வாஷிங்டன் நகரில் 1993ஆம் ஆண்டு, சாதாரண உடையிலிருந்த பொலிஸார், நிறுத்தற் குறியருகே இருபது வினாடிக்கு மேலாக நின்ற வாகனமொன்றின்மீது ஐயங்கொண்டனர். அது சமிக்ஞை காட்டாது திரும்பிச் சென்றது. போக்குவரத்து விதி மீறப்பட்டது என்று காட்டி அதனை மறித்தனர். உள்ளே போதைப்பொருள் காணப்பட்டது. விதிமீறல் வெறும் சாக்குத்தான் என்று எதிரிகள் வாதாடினர். விதிமீறல் உண்மையாயிருப்பின், உத்தியோகத்தரின் உள்ளக்கருத்து யாதென்று நீதிமன்றம் ஆராயாது என்பது நீதியரசர்கள் ஒருமனதாக அளித்த முடிவு. மூன்றாவது, 2015ஆம் ஆண்டின் தீர்ப்பு. எந்த வேலைக்காக வாகனம் நிறுத்தப்பட்டதோ அந்த வேலை முடிந்ததும், வேறு ஐயமின்றி, மோப்ப நாய் கொண்டு சோதிப்பதற்காகச் சாரதியைச் சில நிமிடங்களேனும் தாமதிக்கச் செய்தல் யாப்புக்கு முரண் என்று அது கூறியது.

இவற்றுள் ரென் வழக்கின் விளைவே பெரிது. வீதி விதிகளோ எண்ணற்றவை. பின்விளக்கு மங்குதல், இலக்கத்தகட்டின் விளக்கு எரியாமை, கண்ணாடியிலே பொருளொன்று தொங்குதல் ஆகிய யாவும் விதிமீறல்களே. எந்தச் சாரதியையும் சில மைல் தூரம் பின்தொடர்ந்தால் ஏதேனுமொரு குறை அகப்படாமற் போகாது. ஆகவே யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்னுந் தெரிவு முழுவதும் உத்தியோகத்தரின் மனத்தைப் பொறுத்ததாயிற்று. அத்தெரிவு நடுநிலையானதா? 2020ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் குழுவொன்று ஏறத்தாழ 9 கோடி 50 இலட்சம் நிறுத்தங்களின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டது. நிறுத்தப்படும் சாரதிகளுள் கறுப்பினத்தவரின் வீதம், முகம் தெரியாத இருள் வேளையிற் குறைவதாக அவர்கள் கண்டனர். பகலில் முகம் தெரிவது தெரிவைப் பாதிக்கின்றது என்பதே இதன் பொருள்.

எண்களைக் காட்டிலும் ஆழமாக மக்களின் உள்ளத்தைத் தொட்டவை சில மரணங்கள். 2016ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி, மினசோட்டா மாநிலத்துப் பல்கன் ஹைட்ஸ் என்னும் ஊரில், பிலாந்தோ கஸ்டீல் என்ற 32 வயதுக் கறுப்பினத்தவரின் வாகனம் நிறுத்தப்பட்டது. அவர் ஒரு பாடசாலையின் சிற்றுண்டிச்சாலை மேற்பார்வையாளர். வாகனத்தில் அவருடைய துணைவியும், துணைவியின் நான்கு வயது மகளும் இருந்தனர். தடுப்பு விளக்கு எரியவில்லை என்பது அவரிடம் கூறப்பட்ட காரணம். ஆயின் அவரை நிறுத்துமுன் உத்தியோகத்தர் வானொலிக் கருவியிலே சொன்னது வேறு: கொள்ளையொன்றிற் சந்தேகிக்கப்படுபவரின் சாயல் சாரதியிடம் உள்ளது என்பதாம். தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் கஸ்டீல் அமைதியாகத் தெரிவித்தார். அதற்கு அவர் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தார். பேச்சுத் தொடங்கி ஒரு நிமிடம் நிறையுமுன் ஏழு குண்டுகள் பாய்ந்தன. அவர் துப்பாக்கியை எடுக்கப்போகின்றார் என்று அஞ்சியதாக உத்தியோகத்தர் கூறினார். 2017ஆம் ஆண்டில் யூரிமார் அவரைக் குற்றவாளியல்லர் எனத் தீர்த்தனர். கூறப்பட்ட காரணம் ஒன்று. கருதப்பட்ட காரணம் மற்றொன்று. ஒருவருடைய அச்சம் மற்றவருக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியிலே ஓர் உயிர் போயிற்று.

2020ஆம் ஆண்டு மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் பொலிஸாரின் பிடியில் இறந்ததன் பின், மாநிலச் சட்டமன்றங்கள் விரைந்து செயற்பட்டன. வேர்ஜினியா மாநிலத்தின் சட்டம் 2021ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. இலக்கத்தகட்டின் விளக்கு எரியாமை, கண்ணாடிக்குக் கருநிறப் படலம் ஒட்டியிருத்தல், பார்வையை மறைக்கும் பொருள் தொங்குதல் முதலிய குறைகளை மாத்திரம் காரணமாகக் கொண்டு வாகனத்தை நிறுத்தலாகாது என்று அது விதித்தது. கஞ்சாவின் மணத்தை மட்டும் காரணங்காட்டிச் சோதனையிடவும் தடை பிறந்தது. இவை குற்றங்களாகவே உள்ளன. வேறு முறையான காரணத்தால் நிறுத்தப்பட்ட வாகனத்தில் இக்குறை காணப்படின் தண்டப்பத்திரம் எழுதலாம். ஆனால் இவ்விதியை மீறி நிறுத்திப் பெற்ற சான்று, சாரதி சோதனைக்கு உடன்பட்டிருப்பினும், நீதிமன்றத்தில் ஏற்கப்படமாட்டாது.

கலிபோர்னியா வேறொரு வழியை நாடியது. 2022ஆம் ஆண்டில் நிறைவேறி, 2024ஆம் ஆண்டு சனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அதன் சட்டம் சொல்வது சுருக்கமானது. வாகனத்தையோ பாதசாரியையோ நிறுத்தும் உத்தியோகத்தர், குற்றவிசாரணை பற்றியோ போக்குவரத்து மீறல் பற்றியோ வினாவத் தொடங்குமுன், நிறுத்திய காரணத்தைக் கூறவேண்டும். தண்டப்பத்திரமோ அறிக்கையோ எழுதப்படின் அக்காரணத்தை அதிலும் பதியவேண்டும். ஆட்கடத்தல், பயங்கரவாதம் போன்றவற்றில் உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து உளதென்று நியாயமாக நம்பும்போது மட்டும் காரணத்தை மறைக்கலாம்.

இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அமெரிக்கப் பொலிஸார் பலரிடம் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. வாகனத்தின் அருகே வந்ததும், "உங்களை ஏன் நிறுத்தினேன் என்று தெரியுமா?" என்று அவர்கள் வினவுவர். சாரதி பயத்தினால், "சற்று வேகமாக வந்துவிட்டேன்" என்பான். உத்தியோகத்தர் கருதியது விளக்குப் பழுதாக இருக்கலாம். வேகமாக வந்த குற்றமும் இப்பொழுது ஒப்புதலோடு கிடைத்துவிடுகின்றது. விடையை வைத்திருப்பவர் வினாவுகின்றார். விடையை அறியாதவர் தம்மைத் தாமே குற்றஞ்சாட்டிக்கொள்கின்றார். புதிய சட்டம் இந்த வரிசையை மாற்றி, அதிகாரம் உடையவரே முதலிற் பேசவேண்டும் என்றது. எனினும் இச்சட்டத்திற்கு ஓர் எல்லை உண்டு. காரணம் கூறாதுவிட்டாற் சான்று தள்ளப்படும் என்னும் வாசகம், வேர்ஜினியாச் சட்டத்தில் உள்ளதுபோல, இப்பிரிவில் இல்லை.

பலாத்காரம் பற்றிய சட்டமும் இதே காலத்தில் மாறிற்று. கலிபோர்னியாவில் 1872ஆம் ஆண்டு தொட்டு வந்த விதி 2020ஆம் ஆண்டு சனவரி முதல் திருத்தப்பட்டது. உயிராபத்தான பலத்தைப் பயன்படுத்தல் நியாயமானதாக மட்டுமன்றி, உயிரைக் காத்தற்கு அவசியமானதாகவும் இருத்தல் வேண்டும் என்றாயிற்று. கொலறாடோ மாநிலம் 2020ஆம் ஆண்டிலே, சக உத்தியோகத்தர் வரம்பு மீறும்போது தலையிட்டுத் தடுத்தலைப் பொலிஸாரின் கடமையாக்கியது; உடலில் அணியும் ஒளிப்படக் கருவியையும் கட்டாயமாக்கியது.

இம்மாற்றங்களைப் பொலிஸ் தரப்பினர் யாவரும் உவந்து ஏற்றனர் என்று கூறமுடியாது. சிறு குறைக்காக நிறுத்திய வாகனங்களிலே களவுத் துப்பாக்கிகளும் கடத்தப்பட்டோரும் கண்டுபிடிக்கப்பட்டதுண்டு என்பர் அவர்கள். எரியாத பின்விளக்கு இரவிலே விபத்துக்குக் காரணமாகலாம் என்பதும் மறுக்கத்தக்கதன்று. இன்னொரு முறைப்பாடும் உண்டு. நேற்றுவரை பாராட்டப்பட்ட செயல் இன்று சட்டவிரோதமாயின், இருள் சூழ்ந்த வீதியிலே தனித்து நிற்கும் இளம் உத்தியோகத்தர் என் செய்வார்? இதற்கு விடை பயிற்சியே. கலிபோர்னியாவில் 1959ஆம் ஆண்டிலிருந்து பொலிஸ் பயிற்சிக்கெனத் தனி ஆணைக்குழு இயங்குகின்றது. எழுதிய சட்டம் ஏட்டிலிருந்து உத்தியோகத்தரின் நாவிற்கும் கைக்கும் வருதல் வேண்டும். அது வரும்வரை சட்டமன்றத்தின் வேலை பாதியே முடிந்ததாகும்.

இலங்கை நேயர்களுக்கு இக்கருத்து முற்றிலும் புதியதன்று. பிடியாணையின்றிக் கைதுசெய்யப்படுபவர் அதன் காரணத்தை அறிய உரிமையுடையவர் என்று 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கைதுசெய்யப்படுபவருக்குக் காரணம் அறிவிக்கப்படல் வேண்டும் என்று 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியல் யாப்பு தன் 13ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையும் அதனையே வலியுறுத்துகின்றது. ஆயின் இவை பேசுவது கைதைப் பற்றியே. கைதுக்கு முற்பட்ட படியாகிய நிறுத்தலுக்கும் அதே மரியாதையைக் கலிபோர்னியா நீட்டியுள்ளது என்பதே கவனிக்கத்தக்க வேறுபாடு.

காரணம் கூறுதல் அதிகாரத்தைக் குறைப்பதில்லை. காரணத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டியவர், சொல்லத்தக்க காரணம் தம்மிடம் உளதா என்று தம்மையே முதலிற் கேட்டுக்கொள்வார். காரணத்தைக் கேட்டறிந்தவர் தண்டம் செலுத்த நேரினும், தம்மை ஒரு பிரசையாக மதித்தனர் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புவார். ஒரே வாக்கியத்தில் அடங்கும் இக்கடமை வீதியிலே நின்று ஆணையிடும் எந்த நாட்டு உத்தியோகத்தருக்கும் சுமையாகாது.