14,707 ஏக்கரும் ஓர் ஏழாம் வகுப்புக் கணக்கும்

அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் பிறந்ததும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் அந்த அறிவிப்பு வந்துவிடும்: 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்கு முல்லைப் பெரியாறு தண்ணீர் திறப்பு. பாசனத்துக்கு விநாடிக்கு 200 கன அடி வீதம் 120 நாட்கள் என்பது வழக்கமான அளவு. இதை ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 120 நாட்களில் ஏறத்தாழ 207 கோடி கன அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 64 கோடி சதுர அடி. வகுத்தால் மூன்றேகால் அடிக்குச் சற்றுக் குறைவு. நெல்லுக்கு நான்கு அடி அளவுக்கு நீர் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி மழையிலிருந்து வருகிறதா, கிணற்றிலிருந்தா? வாய்க்காலில் கசிந்து போவது எவ்வளவு? தலைமடைக்கும் கடைமடைக்கும் ஒரே அளவா? பெருக்கல் வகுத்தலில் தொடங்கிய பிள்ளை, இந்த இடத்தில் பாடநூலை மூடிவிட்டு உத்தமபாளையத்து வாய்க்கால் கரைக்குப் போய் விவசாயியிடம் கேட்டாக வேண்டும்.

பாடத்தைத் தாண்டி அறிவை விரிக்கும் செயல்பாடு என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான். நம் ஊர்களில் அது நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குத் தரும் பரிசாகவே இருந்துவருகிறது: அறிவியல் கண்காட்சிக்கு வகுப்பின் முதல் இரண்டு பேர், வினாடி வினாவுக்கு அதே இரண்டு பேர். தேனி மாவட்டத்தில் இது எல்லாப் பிள்ளைகளுக்கும், அவரவர் தெருவிலேயே, மாலை நேரத்தில் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம். காரணம் இந்த மண்ணின் வேலைமுறை. விடியும் முன்பே ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. அவர்களில் பெரும்பகுதி பெண்கள். வீடு திரும்ப மாலையாகிவிடும். பள்ளி விட்ட பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரியவர் துணையில்லாத நேரம் நிறைய. பணம் உள்ள வீட்டில் அதை டியூஷன் நிரப்புகிறது. அங்கும் பெரும்பாலும் காலையில் நடத்திய பாடமே மறுபடி நடக்கிறது.

தெருவில் வைத்து நடத்த முடியுமா என்ற ஐயத்துக்குத் தமிழ்நாடே விடை வைத்திருக்கிறது. கொரோனாவுக்குப் பின், 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டே மாலை வகுப்பு நடத்தியது. மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழக ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது; அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இத்திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள். அது இழந்ததை மீட்கும் திட்டம், அறிவை விரிக்கும் திட்டம் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர் திண்ணையில் அமர்ந்து கற்பித்தால் பலன் உண்டு என்பது அதில் நிறுவப்பட்டுவிட்டது. நெருக்கடி தணிந்ததும் மையங்கள் குறைக்கப்பட்டன. அந்த ஆட்பலத்தை இப்படிக் கலையவிட்டது பெரிய இழப்பு.

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அணைக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களின் கவலை நியாயமானது. 2022 அசர் கற்றல்நிலை ஆய்வறிக்கையின்படி, தமிழக ஊரகங்களில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 விழுக்காடு மட்டுமே. அதற்காக, அடிப்படை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தால் பல பிள்ளைகளுக்கு அந்தப் ‘பிறகு’ வரவே வராது. எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. ஒரே அணைத் தகவலை வைத்து மூன்று நிலைக்கும் வேலை கொடுக்கலாம்: அரும்பு 142 என்ற நீர்மட்ட எண்ணை வாசித்து எழுதட்டும், மொட்டு நேற்றைய நீர்மட்டத்தை இன்றையதிலிருந்து கழிக்கட்டும், மலர் ஒரு வாரத்துக்கு வரைபடம் போடட்டும். வீட்டிலும் டீக்கடையிலும் பெரியவர்கள் தினமும் பேசும் எண் என்பதால் பிள்ளைக்கு அது ஏற்கெனவே பொருளுள்ளது. அடிப்படைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட ஆழமானது. வயலையும் தோட்டத்தையும் பாடமாக்கினால், உழைப்பாளி வீட்டுப் பிள்ளையை அங்கேயே கட்டிப்போடுவதாகாதா? 1953-ல் ராஜாஜி பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னதைத் தமிழகம் குலக்கல்வி என்று எதிர்த்தது. 1954-ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எச்சரிக்கை இன்றும் தேவை. ஆனால் நான் சொல்வதில் பள்ளி நேரம் ஒரு நிமிடமும் குறையாது. கவாத்து வெட்டப் பழக்குவதும் இல்லை. வெட்டிய பிறகு திராட்சைக் கொடி ஏன் துளிர்க்கிறது, லோயர் கேம்ப் மின் நிலையத்தில் குழாய் வழியே இறங்கும் நீர் எப்படி மின்சாரமாகிறது என்று கேட்கச் சொல்கிறோம். இந்தக் கேள்விகளோடு வளரும் பிள்ளை தாவரவியலுக்கும் பொறியியலுக்கும் போகலாம். தோட்டத்துக்கே திரும்பினாலும் கூலிக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவராகத் திரும்புவார்.

தேர்வுக்கு இதனால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்பதையும் ஒதுக்க முடியாது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வில் வென்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அதில் பாதி வினாக்கள், அதாவது 90, மனத்திறனைச் சோதிப்பவை. தானே கணக்கை அமைத்துப் பழகிய பிள்ளைக்கு அங்கே கை ஓங்கும்.

இதற்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சோதனைக் கருவிகளைப் பள்ளிக்கே கொண்டுவரும் வானவில் மன்றம் 2022 நவம்பரிலிருந்து இருக்கிறது. உள்ளூர்ச் சிக்கலை ஆய்வாக்கச் சொல்லும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. பிள்ளைகள் தமிழிலேயே ஆய்வை எழுதலாம். இவற்றை வாரம் இரண்டு மாலை தெருவுக்கு இறக்க ஆள் வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் பழகிய தன்னார்வலர்களை ஊராட்சியும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து மறுபடி அழைக்கலாம். வகுப்பை மட்டும் நான்கரைக்குத் தொடங்கிச் சீக்கிரமே முடித்துவிடாமல், மலையிலிருந்து ஜீப் இறங்கும் நேரம்வரை நீட்டி வைக்க வேண்டும்.