கேம்பர் வேன் வாங்குமுன் நாயை அளந்து பாருங்கள்

கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே என்னவெல்லாம் போய்வருகிறது என்று தெரிந்துவிடும். தேங்காய் லாரி, தீவன மூட்டை, சந்தையில் வாங்கிய மாடு. இப்போது அந்த வரிசையில் படுக்கை போட்ட வேன்களும் சேர்ந்துவிட்டன. கேரளச் சுற்றுலாத் துறை 2021-ல் ‘கேரவன் கேரளா’ கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டே இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அதிலிருந்து, வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டியில் மலைப்பக்கம் போய்வந்தால் என்ன என்ற ஆசை பலருக்கு வந்திருக்கிறது.

ஆசை நல்லதுதான். ஆனால் வண்டி பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை பேர் படுக்கலாம்?” என்பது. நாய் கூட வருகிறது என்றால் அந்தக் கேள்வி கடைசிக்குப் போகவேண்டும். முதலில் காற்று, பிறகு தரை, பிறகு கதவு. படுக்கையை எந்த வண்டியிலும் எப்படியாவது போட்டுக்கொள்ளலாம்.

காற்றிலிருந்தே தொடங்குவோம். மனிதனைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது உடம்புச் சூட்டை இறக்குகிறது. அதன் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூடி நிறுத்திய காருக்குள் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் ஒரு கணக்கு தருகிறது. வெளியே 24 பாகை இருந்தாலே 10 நிமிடத்தில் உள்ளே 34, அரை மணியில் 43. வெளியே 35 என்றால் 10 நிமிடத்தில் 46, அரை மணியில் 54. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 பாகையைத் தொடும். பாலக்காட்டுச் சித்தூரில் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு வரும் நேரம் போதும், நாய் போய்ச் சேர்ந்துவிடும். பக் போலச் சப்பை மூக்குள்ள நாய் என்றால் இன்னும் சீக்கிரம். அதனால் எந்த வண்டி வாங்கினாலும் ஒரு விதி மாறாது: நாய் உள்ளே இருந்தால் ஆளும் உள்ளே இருக்கவேண்டும்.

“ஏசி இருக்கிறதே” என்பார்கள். எஞ்சின் ஓடும்போது சரி, நின்ற பிறகு? 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. அதே பேட்டரியில் 30 வாட் மின்விசிறி மூன்று நாளைக்குச் சுற்றும். கூரையில் 400 வாட் சோலார் தகடு இருந்தால் விசிறிக்குப் பேட்டரியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆகவே ஏசியின் டன் கணக்கைக் கேட்பதைவிட, கூரையில் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும் விசிறி இருக்கிறதா, அதற்கு எதிர்முனையில் தாழ்வாகத் திறக்கும் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல் தாழ்வாக இருக்கவேண்டும், ஏனென்றால் நாய் படுப்பது தரையில். ஆளுயரத்தில் வீசும் காற்று அதற்கு எட்டாது. கூரைத் தகரத்துக்கும் உள் பலகைக்கும் நடுவே வெப்பத் தடுப்பு வைத்திருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டியின் உள்கூரையைக் கையால் தொட்டுப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். வெளிப்பூச்சு வெள்ளையாக இருப்பது நல்லது. நிறுத்தப் புளியமர நிழல் உத்தமம். தென்னந்தோப்பு நிழல் குளுமைதான், ஆனால் ஒரு தேங்காய் விழுந்தால் சோலார் தகடு போச்சு.

ஏசிக்காக இரவில் எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டுபிடித்து அலறும் சின்னக் கருவியைத் தனியாக வாங்கி மாட்டவேண்டும். சமையல் எரிவாயுவின் கதை வேறு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதாவது நாய் படுத்திருக்கும் இடத்தில். சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குத் தரையில் வெளிப்பக்கம் திறக்கும் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பட்டறையில் பல பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனித் தரை. பளபளவென்ற வினைல் விரிப்பு மனிதக் கண்ணுக்கு அழகு, நாயின் காலுக்கு வழுக்கல். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தடுமாறும் நாய் அரை மணி நேரத்தில் வாந்தி எடுத்துவிடும். இதற்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம். சித்தூர், பொள்ளாச்சிப் பக்கம் மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் மேட் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அளவுக்கு வெட்டிப் போட்டால் பிடிமானமும் இருக்கும், எடுத்துக் கழுவவும் முடியும்.

நாயின் இடம் வண்டியில் எங்கே என்பதும் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில்தான் ஆட்டம் குறைவு. பின் சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் பகுதி ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போடும். ஆனால் பெரும்பாலான வேன்களில் நாய்க்கென்று ஒதுக்குவது பின்கதவுப் பக்கத்து மூலையைத்தான். படுக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, நடுத் தரையில் நாய்க்குக் கூண்டோ கட்டும் இடமோ வைத்துத் தரும்படி கேளுங்கள். அதன் அளவுக்கு நாயை அளக்கவேண்டும். நிற்கும்போது தலை உயரம், கால் நீட்டிப் படுக்கும்போது மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளம். நின்று, திரும்பி, நீட்டிப் படுக்க இடம் வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாட்டு நாய்களுக்குக் கால் நீளம் என்பதால் இந்த அளவு நாம் மனக்கணக்கில் நினைப்பதைவிட அதிகமாகவே வரும்.

கட்டும் இடம் என்றால் கழுத்துப் பட்டையில் அல்ல, மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸில். வண்டி ஓடும்போது நாயைச் சும்மா விட்டுவைப்பது அதற்கு மட்டுமல்ல, நமக்கும் ஆபத்து. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருப்பது எதுவானாலும் தன் எடையைப் போல 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 25 கிலோ நாய் அரை டன் ஆகிவிடும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உறுதியான தடுப்பு இருக்கும் வண்டியையே எடுங்கள்.

கதவில் பார்க்கவேண்டியவை இரண்டு. பக்கவாட்டுச் சறுக்குக் கதவைத் திறந்ததும் நாய் நேரே சாலையில் குதிக்காமலிருக்க உள்ளே இடுப்பளவு வலைத் தடுப்பு வேண்டும். அடுத்தது, ஏறும் உயரம். வயதான நாய்க்கு, இடுப்பு எலும்புக் கோளாறு உள்ள நாய்க்கு வேனின் படி எட்டாது. ஒரு பலகையில் தென்னைநார் மிதியடியை ஒட்டிச் சாய்த்து வைத்தால் போதும். அந்தப் பலகையை எங்கே செருகுவது என்பதை வண்டி கட்டும்போதே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு பெரிய வண்டி? நம் ஊரில் கேம்பர் வேன் என்றால் அநேகமாக ஃபோர்ஸ் டெம்போ டிராவலரில் கட்டியதாகவே இருக்கும். அதில் அச்சுகளுக்கு இடையே 3050, 3350, 4020 மில்லிமீட்டர் என்று பல நீளங்கள் உண்டு. நீளமானதைப் பார்த்தால் மனம் அதில்தான் போய் நிற்கும். ஆனால் இங்கிருந்து நாம் போகப்போகும் பாதைகளை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்குக் குறுகிய மலைப்பாதை, போடிமெட்டு ஏற்றம். எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்கவேண்டிய இடங்கள் இவை. இரண்டு பேரும் ஒரு நாயும் என்றால் 3050 அல்லது 3350 போதும் என்பேன். ஒருவரும் சின்ன நாயும் என்றால் மாருதி ஈகோவில் எடுத்து வைக்கக்கூடிய கட்டில் பெட்டி போட்டாலே ஆகும். நிமிர்ந்து நிற்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த ‘எடுத்து வைக்கக்கூடிய’ என்பதில் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்திலிருந்து வண்டி மாறுபடும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும். சீட்டைக் கழற்றிவிட்டு, கூரையை அறுத்து, அடுப்பைப் பொருத்திய பழைய டிராவலரை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள். அதில் ‘மோட்டார் கேரவன்’ என்று இருக்கவேண்டும். ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதிப்படி அந்தப் பெயருக்கு இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கும் இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவை. கரூரிலோ கோதமங்கலத்திலோ பாடி கட்டக் கொடுத்தாலும் இந்தத் தரவிதிச் சான்றைப் பெறுவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆர்.சி. சரியில்லாத வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணத்துக்கு அலையவேண்டி வரும்.

வாடகை வண்டி என்றால் எல்லையில் வேறு கேள்விகள் வரும். மஞ்சள் போர்டு வண்டிக்குப் பர்மிட்டும் கேரள வரிச்சீட்டும் கையில் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே உரிமையாளரிடம் கேளுங்கள். நாய் ஏற்றலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பல பேர் ஏற்றமாட்டார்கள், சிலர் கழுவும் கூலி தனி என்பார்கள். நாயின் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் உடன் இருக்கட்டும். மழைக்காலப் பயணம் என்றால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் சேர்த்துப் போட்டிருக்கவேண்டும். கேரளத்தில் அந்த நோய் ஆண்டுதோறும் மழையோடு வரும். தேங்கிய தண்ணீரை நக்குவது நாயின் குணம்.

வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாயோடு போகமுடியாத இடங்கள் உண்டு. பறம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். அது முழுக்கப் புலிகள் காப்பகம், வளர்ப்பு நாய்க்கு அனுமதி இல்லை. மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவும் அப்படியே. இதை வனத்துறையின் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் கொத்தாக இறந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். அவற்றில் பலவற்றில் கண்டது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் கிருமி. ஆனைமலைக் காட்டில் செந்நாய்கள் இருக்கின்றன. நாயின் நோய் அவற்றுக்குச் சுலபமாகத் தொற்றும். ஆபத்து எதிர்ப்பக்கமும் உண்டு. வால்பாறையில் சிறுத்தை தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு வாசலிலிருந்தே நாயைத் தூக்கிக்கொண்டு போகும். இரவில் நாயை வண்டிக்கு வெளியே கட்டிப்போடாதீர்கள்.

உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு போகிறவர்கள் ஒன்பதாறு செக்போஸ்டைப் பகலிலேயே தாண்டவேண்டும். இரவில் அடைத்துவிடுவார்கள், நடுக்காட்டில் வண்டியை நிறுத்தவும் கூடாது. நாயை மூத்திரத்துக்கு இறக்குவதெல்லாம் செக்போஸ்டுக்கு முன்பே முடியட்டும். மூணாற்றில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் சில இடங்களில் உறைபனி விழும். சிப்பிப்பாறைக்கு உடம்பில் முடி மிகக் குட்டை. அதற்கொரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ திரும்புவதாக இருந்தால் 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும்.

லட்சக்கணக்கில் பணம் போடும் முன், இதே போன்ற ஒரு வண்டியை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்து நாயோடு மலையேறி இறங்கிப் பாருங்கள். அது இரண்டாம் நாள் தானாக வண்டியில் ஏறினால் வாங்கலாம். இழுத்து ஏற்றவேண்டி வந்தால், அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, நாயை அனுமதிக்கும் ஒரு தங்குமிடத்தைத் தேடுவதே மேல்.