ரசீது யார் பேரில்? இணையத்தில் கடை போடுவோர் கேட்க வேண்டிய கேள்விகள்

மும்பையில் பகடி கொடுத்துக் கடையோ வீடோ எடுத்தவர்களுக்கு ஒரு பாடம் நன்றாகத் தெரியும். எவ்வளவு பணம் கொடுத்தார் என்பது இரண்டாவது கேள்வி. வாடகை ரசீது யார் பேரில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி! ரசீது வேறொருவர் பேரில் இருந்தால், இருபது வருடம் குடியிருந்தாலும் மடியில் நெருப்புதான்.

இணையத்தில் கடை போடுகிறவருக்கும் இதே பாடம் பொருந்தும். ஆனால் அங்கே பலர் ரசீதைப் பார்ப்பதே இல்லை.

தாராவித் தோல் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். சயான் - பாந்திரா இணைப்புச் சாலை ஓரம் வரிசையாகத் தோல் பொருள் கடைகள். உள்ளே சந்துகளில் பை, பர்ஸ், பெல்ட் தைக்கும் பட்டறைகள். இந்தத் தொழிலில் தமிழர்களுக்கு நெடுநாளைய பங்கு உண்டு. பையைத் தைப்பது ஒருவர். அதன்மேல் பொறிக்கப்படும் பெயர் பல சமயம் வேறொருவருடையது. சொந்தப் பெயரில் விற்க வேண்டும் என்ற ஆசை எந்தத் தொழிலாளிக்குத்தான் இருக்காது?

1995 ஆகஸ்ட் 15-ம் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, அது வசதி படைத்தவர்களின் சமாச்சாரமாக இருந்தது. இன்று மாதம் சில நூறு ரூபாய்க்குள் இணையத்தில் ஒரு சிறு கடை போட்டுவிடலாம். சொந்தப் பெயரில் விற்க அது ஒரு வழி. ஆனால் கடை வளரும்போது இடமும் வளர வேண்டும். வளராவிட்டால், வேறு இடத்துக்குப் போக வழியாவது இருக்க வேண்டும்.

பெயர் வேறு, இடம் வேறு

இணையக் கடைக்கு இரண்டு வாடகைகள் உண்டு. ஒன்று, டொமைன் என்னும் பெயர். இது கடையின் பெயர்ப் பலகை. இன்னொன்று, ஹோஸ்டிங் என்னும் இடம். இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் நம் கடைக்கு ஒதுக்கப்படும் பகுதி அது. அந்தக் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர்.

டாட் காம் பெயரை ஒரேயடியாக விலைக்கு வாங்க முடியாது. ஒரு வருடம் முதல் 10 வருடம் வரை பதிவு செய்துகொள்ளலாம். தவணை தவறினால் சில நாள் அவகாசம் கிடைக்கும். அதன்பிறகு அபராதம் கட்டி மீட்க 30 நாள். அதையும் விட்டுவிட்டால் பெயர் பொதுச் சொத்து! முதலில் வருகிறவர் எடுத்துக்கொள்வார். டாட் இன் பெயர்களின் பதிவேட்டை நடத்துவது 'நிக்சி' என்ற இந்திய அமைப்பு. தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' என்று முடியும் பெயர்களும் அதன் பொறுப்பில் இருக்கின்றன.

இங்கேதான் கோளாறு நுழைகிறது. இணையதளம் அமைத்துத் தரும் பையன், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, தன் பேரிலேயே பெயரைப் பதிவு செய்துவிடுவான். கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் மூன்று வருடம் கழித்து அவன் வேறு ஊருக்குப் போய்விட்டால்? பணத்தகராறு வந்துவிட்டால்? பையில் பொறித்த பெயர், விசிட்டிங் கார்டில் அச்சடித்த பெயர், வாடிக்கையாளர் மனப்பாடம் செய்த பெயர், எல்லாம் அவன் கையில்!

ஆகவே பதிவில் 'உரிமையாளர்' என்ற இடத்தில் கடைக்காரர் பெயர் இருக்க வேண்டும். மின்னஞ்சலும் போன் நம்பரும் அவருடையதாகவே இருக்க வேண்டும். பெயரை ஒரு கம்பெனியிலும் இடத்தை இன்னொரு கம்பெனியிலும் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. இடத்துக்காரரோடு மனஸ்தாபம் வந்தாலும் பலகையைக் கழற்றிக்கொண்டு வேறு இடம் போகலாம்.

ஒரே அறையில் பத்துப் பேர்

இடத்தில் பல ரகம் உண்டு. மலிவானது 'ஷேர்டு ஹோஸ்டிங்'. ஊரிலிருந்து வந்த பத்துப் பேர் ஒரே அறையில் தங்கி, ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பது போல. ஒருவர் அண்டா அண்டாவாகப் பிடித்தால் மற்றவர் குடத்துக்குச் சொட்டுதான் விழும்.

அடுத்தது 'வி.பி.எஸ்.' கட்டடம் பொதுதான். ஆனால் தனித் தடுப்பு, தனிக் குழாய். ஒதுக்கிய அளவு நினைவகம் நமக்குக் கிடைக்கும். அதற்கும் மேலே 'டெடிகேட்டட்': கட்டடமே தனி.

'கிளவுட்' என்பது மின்சார மீட்டர் மாதிரி. வேண்டியபோது பெருக்கலாம், குறைக்கலாம். ஓடிய அளவுக்குப் பில். கவனிக்காமல் விட்டால் பில்லும் ஓடும்! இத்தனை ரூபாயைத் தாண்டினால் தகவல் வரட்டும் என்று முதல் நாளே குறித்து வைப்பது புத்திசாலித்தனம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஷேர்டு போதும். நாலு பை விற்கத் தனிக் கட்டடம் வேண்டாம். ஆனால் அதே கம்பெனியில் அடுத்த படி இருக்கிறதா, ஏறும்போது கடை எத்தனை மணி நேரம் மூடியிருக்கும், மாற்றக் கூலி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சின்னக் கணக்கு

கடையின் ஒரு பக்கம் படங்களோடு சேர்த்து 2 எம்.பி. கனம். தினம் 100 பேர் வந்து, ஆளுக்கு 5 பக்கம் பார்க்கிறார்கள். ஒரு நாளைக்கு 1,000 எம்.பி., ஏறக்குறைய 1 ஜி.பி. மாதத்துக்கு 30 ஜி.பி.

படங்களைச் சுருக்கிப் பக்கத்தை அரை எம்.பி. ஆக்கினால் மாதம் ஏழரை ஜி.பி.தான்! பெரிய இடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் படத்தைச் சுருக்குவதே முதல் சிக்கனம்.

மாதக் கணக்கு மட்டும் பார்த்தாலும் போதாது. காலை 9 மணி லோக்கல் ரயிலில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். நாள் முழுவதும் பரவலாக வரும் ஆயிரம் பேரைத் தாங்கும் சர்வர், தீபாவளி விற்பனையன்று ஒரே நேரத்தில் இருநூறு பேர் நெருக்கினால் திணறிப்போகலாம்.

'அன்லிமிடெட்' மாயம்

விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கும். நிபந்தனைகளைப் படித்தால் ஃபைல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, சர்வரின் உழைப்புக்கு வரம்பு என்று இருக்கும். எல்லையில்லாத இடத்தை எந்தக் கம்பெனியும் சும்மா கொடுக்காது.

விலையிலும் சூட்சுமம் உண்டு. முதல் தவணை மலிவாக இருக்கும்; புதுப்பிக்கும்போது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகலாம். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆகவே முதல் வருட விலையைப் பார்க்காமல், மூன்று வருடத் தொகையைக் கூட்டி ஒப்பிட வேண்டும். பூட்டுக் குறி காட்டும் எஸ்.எஸ்.எல். சான்றிதழை இன்று இலவசமாகவே பெறலாம். சிறு கடைக்காரர் அதற்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை.

'99.9 சதவீத நேரம் திறந்திருக்கும்' என்றால் வருடத்தில் 8 மணி 45 நிமிடம் மூடியிருக்கலாம் என்று பொருள். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கு மேல்! ஒரு சின்னப் புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு வித்தியாசம்!

நெருப்பு சொன்ன பாடம்

2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.ஹெச். என்ற பெரிய ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. ஏராளமான இணையதளங்கள் ஒரே நாளில் மறைந்தன. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டும் கடை திறந்தார்கள். நகல் இல்லாதவர்களுக்கும், நகலை அதே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கும் கைக்கு எதுவும் மிஞ்சவில்லை.

கம்பெனி நகல் எடுத்தாலும் கடைக்காரரும் மாதம் ஒருமுறை தம் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இறக்கிக்கொள்ள வேண்டும். படமும் பக்கமும் மட்டும் போதாது. ஆர்டர், வாடிக்கையாளர் விவரம் அடங்கிய 'டேட்டாபேஸ்' நகலும் வேண்டும். இடம் மாறுகிற நாளில் கூடவே எடுத்துப்போகும் மூட்டையும் இந்த நகல்தான்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. டொமைன் யார் பேரில் பதிவாகும்?

2. புதுப்பிக்கும்போது என்ன விலை?

3. அடுத்த படிக்கு ஏற என்ன செலவு, எத்தனை மணி நேரம்?

4. நகல் எத்தனை நாளுக்கு ஒருமுறை? அதைத் திரும்பப் போட்டுத் தரக் கட்டணம் உண்டா?

5. சர்வர் எங்கே இருக்கிறது? மும்பையிலும் சென்னையிலும் சர்வர் மையங்கள் உள்ளன. வாங்குகிறவர் இந்தியாவில் இருந்தால், சர்வரும் பக்கத்தில் இருப்பது வேகத்துக்கு நல்லது.

6. கடை முழுவதையும் எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா? ரெடிமேட் கடை தரும் சில கம்பெனிகளில் சரக்குப் பட்டியலை மட்டுமே எடுக்க முடியும். அலங்காரம் அங்கேயே நின்றுவிடும்.

7. டொமைனை வேறு கம்பெனிக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியைக் கேட்டவுடன் தருவார்களா?

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் இரவு 10 மணிக்கு அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து பார்ப்பதும் நல்ல பரீட்சை. வாங்கும் முன்பே பதில் சொல்லாதவர், வாங்கிய பின்பா சொல்லப்போகிறார்?

தாராவி மறுசீரமைப்பில் யாருடைய பட்டறை எங்கே போகும் என்ற கவலை அந்தச் சந்துகளில் இருக்கிறது. கடை இருக்கும் தெரு மாறலாம், பின்கோடு மாறலாம். ஆனால் பெயரும் நகலும் தன் கையில் வைத்திருப்பவரின் இணைய விலாசம் மாறாது. பழைய வாடிக்கையாளர் அதே பெயரைத் தட்டினால், அதே கடை திறக்கும்!