ஆசிரியரும் துலாக்கோலும்

நல்லாசிரியருக்கு உவமை கூறப் புகுந்த நன்னூலார் நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் எடுத்தோதினார். அந்நான்கனுள் துலாக்கோலே கிறிஸ்தவக் கலாசாலைகளுக்குப் பெரிதும் வேண்டற்பாலது. ஆசிரியரும் மாணவரும் ஒரே கொள்கையினராயின் அவரிடை அன்பு நிலவுதல் அரிதன்று. கருத்து மாறுபட்டவிடத்தே அவ்வுறவின் திண்மை புலப்படும். இதற்குச் சான்று, நம் மணவூருக்கு அணித்தாகிய திருத்தணியிற் பிறந்த பெரியார் ஒருவர் வாழ்க்கையில் உளது.

1888-ஆம் ஆண்டிற் பிறந்த இராதாகிருஷ்ணன், வேலூர் ஊரிஸ் கலாசாலையிற் பயின்று, பின் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையைச் சார்ந்தார். மிஷன் கலாசாலைகளில் இந்து சமயம் நடத்தப்பட்ட முறை தம் நெஞ்சைப் புண்படுத்தியதென அவரே எழுதியுள்ளார். அப்புண்ணே தம் முன்னோர் நூல்களை ஆராயுமாறு அவரைத் தூண்டிற்று. எம்.ஏ. பட்டத்தின் பொருட்டு, வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்பாரை மறுத்து ஓர் ஆராய்ச்சியுரை வரைந்தார். 1908-இல் அது நூலாக வெளிவந்தபொழுது அவருக்கு வயது 20.

அக்காலத்து ஆங்கே தத்துவம் கற்பித்தவர் ஸ்காத்லாந்து நாட்டினராகிய ஏ. ஜி. ஹாக் என்பார். கிறிஸ்து மறையில் ஆழ்ந்த பற்றுடைய அவர், இந்துக்களின் கருமக் கோட்பாட்டையும் கிறிஸ்தவ மீட்பையும் ஒப்பிட்டு நூல் எழுதியவர். தம் உரையின் முடிபு இத்தகைய ஆசிரியரை வருத்துமோ என மாணவர் பெரிதும் அஞ்சினார். ஹாக்கோ, தத்துவப் பொருளை அவர் உணர்ந்த திறத்தையும், நுண்ணிய வாதத்தை எளிதிற் கையாளும் ஆற்றலையும் பாராட்டி நற்சான்று வழங்கினார். முடிபு தம் சமயத்துக்குச் சார்பன்று என்பது பற்றி அதன் நிறையைக் குறைத்தாரல்லர். பிற்காலத்தில் அம்மாணவர், இந்தியாவில் வாழ்ந்த தலைசிறந்த கிறிஸ்தவச் சிந்தனையாளருள் ஒருவராக ஹாக்கை நினைவுகூர்ந்தார்.

ஆசிரியரும் மாணவரும் அணுகி வாழ்தலும் இவ்வுறவுக்குத் துணையாம். 1937-இல் அக்கலாசாலை சென்னை நகரினின்றும் தாம்பரத்துக்குப் பெயர்ந்து விடுதி வாழ்க்கையைச் சிறப்பித்ததும் இந்நோக்கம் பற்றியே. எனினும், உடனுறைவு மட்டும் அமையாது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், மாணவன் மாறுபட்டுரைப்பின் முகஞ்சுளிக்கும் ஆசிரியர்பால் உறவு வேரூன்றாது.

இராதாகிருஷ்ணன் தாமும் ஆசிரியராயினார். 1921-இல் மைசூரினின்று கல்கத்தாவுக்குப் புறப்பட்டபொழுது, மாணவர்களே அவரது வண்டியைப் புகைவண்டி நிலையம் வரை இழுத்துச் சென்றனர். 1962 முதல் அவர் பிறந்த செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாக இந்நாட்டிற் கொண்டாடப்பெறுகின்றது. அந்நாளில் மாலை சூட்டுதலோடு அமைதல் கூடாது. ஐயத்தை அஞ்சாது கூறும் மாணவரும், அதனைச் சினவாது நிறுக்கும் ஆசிரியரும் உள்ள இடமே கலாசாலை எனப்படும். தன் மாணவனை மாற்றாரினும் நேர்மையாக நிறுத்தலே, அயலானையும் நேசிக்கப் பணித்த மறையைக் கற்பிக்குங் கலாசாலைக்கு அழகாம்.