உங்களுக்குத் தெரியுமா? அகதிப் பெண்களும் அடைக்கல நாடுகளும்

ஒருவர் அகதி என்று ஏற்கப்பட 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு. பெண் என்பதற்காகவே கொடுமைக்கு ஆளாவது அதில் இல்லை. இதற்கென வழிகாட்டு நெறிகளை முதலில் வகுத்த நாடு கனடா, ஆண்டு 1993.

2015இல் ஜெர்மனிக்கு வந்த அகதிகளில், ஆண்களில் நாலில் மூன்று பேருக்கு இன்று வேலை உண்டு. பெண்களிலோ மூன்றில் ஒருவருக்குத்தான். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு மொழி வகுப்புக்குப் போவது என்பதே பலருக்கு முதல் தடை. பெண்களுக்கென்றே தனி வகுப்பும் அங்கே இருந்தது. வழக்கமான 600 மணி நேரத்துக்குப் பதில் 900 மணி நேரம் வரை அதில் மொழி கற்க முடிந்தது.

ஸ்வீடன் 2010 டிசம்பர் முதல் அகதிக் குடும்பத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. கணவன் எவ்வளவு சம்பாதித்தாலும் மனைவியின் பணம் குறையாது. நார்வேயிலும் வகுப்புக்கு வருபவரின் பெயரிலேயே பணம் வரும். காரணமில்லாமல் மட்டம் போட்டால் அவருடைய தொகையில் பிடித்துக்கொள்வார்கள். சமத்துவம் பற்றி ஆயிரம் பேசுவதைவிட, அவள் கணக்கில் விழும் இந்தப் பணம் வலுவானது என்றே நினைக்கிறேன்.

அதே நார்வேக்கு, யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் அகதியாகப் போய்ச் சேர்ந்தவர் கம்சாயினி குணரத்தினம். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர்; 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர்.

மீண்டும் ஜெர்மனிக்கு வருவோம். அங்கே மொழி வகுப்பு முடிந்ததும் நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை பற்றி 100 மணி நேரப் பாடம். ஆணும் பெண்ணும் சமம் என்னும் அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு அதில் தவறாமல் வரும். அந்தப் பிரிவு சும்மா வந்துவிடவில்லை. அரசியல் சட்டம் எழுதிய 65 பேரில் பெண்கள் நால்வர்தான். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் எலிசபெத் செல்பெர்ட் இந்த வாசகத்தை முன்வைத்தபோது தள்ளுபடி செய்தார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. 1949 ஜனவரியில்தான் சபை இறங்கிவந்தது. அதன் பிறகும், வீட்டுக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாவிட்டால் மட்டுமே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி மேற்கு ஜெர்மனியின் குடும்பச் சட்டத்தில் 1977 வரை நீடித்தது. சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்களுக்கு 3ஆம் பிரிவைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.