ஒளியுணர் பால்மத் திரை அச்சு

ஒளியுணர் பால்மத் திரை அச்சு என்பது, ஒளி பட்டால் இறுகும் பசையை மெல்லிய வலைத்துணியில் பூசி, அதில் ஓர் உருவத்தைப் பதித்து, அந்த வலையின் வழியாக மையைச் செலுத்தித் தாள், துணி முதலியவற்றில் அச்சிடும் முறையாகும். அச்சகங்களில் இம்முறை 'ஸ்கிரீன் பிரிண்டிங்' என்றும், இப்பசை 'எமல்ஷன்' என்றும் வழங்கப்படுகின்றன. திருமண அழைப்பிதழ்கள், பனியன்கள், துணிப்பைகள், விளம்பரத் தட்டிகள் ஆகியவை இவ்வாறு அச்சிடப்படுகின்றன.

பெரிய இயந்திரம் தேவையில்லாததால் இது ஓவிய வகுப்புகளில் கற்பிக்க ஏற்ற முறையாகும். ஆனால் பசைக்கு ஒளியுணர்வைத் தரும் வேதிப்பொருள் எது என்பதைப் பொறுத்தே இது மாணவர்களுக்குப் பாதுகாப்பானதா இல்லையா என்பது அமைகிறது.

தத்துவம்

பால்மத்தின் முதன்மைப் பகுதி, நீரில் கரையும் பாலிவைனைல் ஆல்ககால் என்னும் பல்லுறுப்பி ஆகும். இதனுடன் ஒளியுணர் பொருள் ஒன்று கலக்கப்படுகிறது. புற ஊதாக் கதிரோ நீல ஒளியோ படும்போது பல்லுறுப்பியின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து, நீரில் கரையாத நிலையை அடைகின்றன. கறுப்பு உருவத்தால் மறைக்கப்பட்ட இடங்களில் ஒளி படுவதில்லை. அவ்விடங்களில் உள்ள பசை நீரில் கரைந்து நீங்கி, வலையின் கண்கள் திறந்துகொள்கின்றன. மை அக்கண்களின் வழியாக மட்டுமே இறங்கும்.

திரையின் ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், இடைநிலை கிடையாது. ஆகவே ஒளிப்படத்தின் சாம்பல் நிறங்களைச் சிறிய, பெரிய புள்ளிகளாக மாற்றிய பின்னரே அச்சிட இயலும். ஓர் அங்குலத்தில் அமையும் புள்ளி வரிசைகளைப் போல் நான்கு முதல் ஐந்து மடங்கு இழைகள் வலையில் இருத்தல் நலம்.

வரலாறு

டைகுரோமேட் உப்புகள் ஒளியால் மாற்றமடைவதை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த முங்கோ பாண்டன் 1839 இல் கண்டறிந்தார். டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் ஒளி பட்டால் கரையாத் தன்மை பெறுவதைப் பயன்படுத்தி, வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பாட் 1852 இல் ஓர் அச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டுத்திரை கொண்டு அச்சிடும் முறைக்கு 1907 இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் காப்புரிமை பெற்றார். 1910களில் அமெரிக்க அச்சாளர்கள் டைகுரோமேட் பசையைத் திரையில் பயன்படுத்த முயன்றதோடு இவ்விரு வழிகளும் இணைந்தன. 1962 இல் ஆண்டி வார்ஹால் ஒளிப்படத் திரைகளைக் கொண்டு ஓவியங்கள் படைக்கத் தொடங்கிய பின், இம்முறை கலை உலகில் பரவலாக அறியப்பட்டது. பட்டுக்குப் பதிலாக இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் வலையே பயன்படுகிறது.

தேவையான பொருட்கள்

* மரச் சட்டம் அல்லது அலுமினியச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. துணியில் அச்சிட ஒரு செ.மீ.க்கு ஏறத்தாழ 43 இழைகளும், தாளில் அச்சிட 77 முதல் 120 இழைகளும் கொண்ட வலை ஏற்றது.
* பால்மமும் அதற்குரிய ஒளியுணர் பொருளும்
* பால்மத்தைச் சீராகப் பூசுவதற்கான நேரான விளிம்புடைய தகட்டுத் தொட்டி
* ஒளிபுகும் தாளில் அடர் கறுப்பில் வரையப்பட்ட அல்லது அச்சிடப்பட்ட உருவம் ('பாசிட்டிவ்')
* கண்ணாடித் தகடு, கறுப்புத் துணி, கடற்பஞ்சு
* மையை இழுக்கும் ரப்பர் விளிம்புடைய கட்டை ('ஸ்குவீஜி')
* நீர் சார்ந்த அச்சு மை

செய்முறை

1. வலையை எண்ணெய்ப் பசை நீங்கக் கழுவி உலர்த்துக.
2. மஞ்சள் விளக்கொளியில், வலையின் இரு பக்கமும் பால்மத்தை மெல்லியதாகப் பூசுக.
3. அச்சுப் பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு இருட்டில் கிடையாக வைத்து முற்றிலும் உலர விடுக.
4. வலையின் அச்சுப் பக்கத்தில் பாசிட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்துக. அப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது எழுத்துகள் இடவலம் மாறித் தெரிய வேண்டும்.
5. வலையின் மறுபக்கத்தில் கடற்பஞ்சையும் கறுப்புத் துணியையும் வைத்து, கண்ணாடி வழியாக ஒளியூட்டுக.
6. குளிர்ந்த நீரால் இருபுறமும் நனைத்து, உருவம் திறக்கும் வரை மென்மையாகக் கழுவுக.
7. உலர்ந்த பின் ஊசித்துளைகளைப் பால்மத்தால் அடைத்து, அவ்விடத்திற்கு மீண்டும் ஒளியூட்டுக.
8. தாளுக்கு 2 முதல் 3 மி.மீ. மேலே திரை நிற்குமாறு அமைத்து, ஒரே அழுத்தத்தில் மையை இழுக்க.

பல நிறங்களில் அச்சிட, ஒவ்வொரு நிறத்திற்கும் தனித் திரை வேண்டும்.

வெயிலில் ஒளியூட்டல்

புற ஊதா விளக்குப் பெட்டி இல்லாத பள்ளிகளில் சூரிய ஒளியைப் பயன்படுத்தலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் மருங்காபுரி ஏறத்தாழ 10.5 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. அங்கு ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதிப்பகுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு நேராக நிற்கும். அக்காலங்களில் ஒளியூட்டச் சில நிமிடங்களே போதுமானவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகத்தால் ஒளியின் அளவு அடிக்கடி மாறும்.

எனவே குறித்த நேரம் ஒன்றை மனப்பாடம் செய்வதைவிடப் படிநிலைச் சோதனை செய்வதே சிறந்தது. உருவத்தை அட்டையால் மூடி, அரை நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு பட்டை அளவு அட்டையை நகர்த்த வேண்டும். கழுவும்போது, ஒளி குறைந்த பட்டையில் பின்புலப் பசையும் கரைந்து போகும். ஒளி மிகுந்த பட்டையில் நுண்கோடுகள் திறக்க மாட்டா. பின்புலம் உறுதியாகவும் கோடுகள் தெளிவாகவும் உள்ள பட்டையின் நேரமே அன்றைய சரியான நேரமாகும்.

திறந்த வானின் சிதறொளி கறுப்புக் கோட்டின் அடியில் பக்கவாட்டில் புகக்கூடும். இதைக் குறைக்கப் பாசிட்டிவும் திரையும் இடைவெளியின்றி ஒட்டியிருக்க வேண்டும்.

டைகுரோமேட்டும் பாதுகாப்பும்

அச்சகங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த மலிவான ஒளியுணர் பொருள், 'பைகுரோமேட்' எனப்படும் அம்மோனியம் அல்லது பொட்டாசியம் டைகுரோமேட் ஆகும். ஆரஞ்சு நிறமுடைய இவ்வுப்புகளில் ஆறிணைதிறக் குரோமியம் உள்ளது. இது தோலில் புண்ணையும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆறிணைதிறக் குரோமியச் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என வகைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 21 செப்டம்பர் 2017 முதல், தனி ஒப்புதல் இன்றி இவ்வுப்புகளைப் பயன்படுத்த இயலாது.

ஒளி பட்ட இடத்தில் ஆறிணைதிறக் குரோமியம், நச்சுத்தன்மை குறைந்த முவ்விணைதிறக் குரோமியமாக மாறிப் பசையை இறுக்குகிறது. ஒளி படாத இடத்தில் உள்ளது மாறாமல் கழுவும் நீரில் சேர்கிறது. ஆகவே உருவம் திறக்கும் கட்டத்தில் வெளியேறும் நீரே தீங்கு மிக்கது. ஒரு கிராம் அம்மோனியம் டைகுரோமேட்டில் சுமார் 0.41 கிராம் குரோமியம் உள்ளது. இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டர் நீரில் இருக்கத்தக்க மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம். இதன்படி அந்த ஒரு கிராமை வரம்புக்குள் கொண்டுவர 8,000 லிட்டருக்கும் மேற்பட்ட தூய நீர் தேவை. கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியுள்ள ஊர்களில் இதனைத் தரையில் கொட்டுதல் கூடாது.

குரோமியம் நிலத்தடி நீரில் கலப்பதன் விளைவைத் தமிழ்நாட்டில் இராணிப்பேட்டை காட்டுகிறது. குரோமேட் உப்புகளைத் தயாரித்து, 1990களின் நடுவில் மூடப்பட்ட ஆலை ஒன்றின் கழிவுக் குவியலால் அங்கு நிலத்தடி நீர் மாசடைந்தது. 2006 இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

பள்ளிகளில் டயசோ பால்மத்தையோ, கலந்தே விற்கப்படும் ஒளிப்பல்லுறுப்பிப் பால்மத்தையோ பயன்படுத்தலாம். இவற்றில் குரோமியம் இல்லை. விலை கூடுதலாயினும், டைகுரோமேட் பூசிய திரை இருட்டிலும் விரைவில் இறுகிவிடுவது போல் இவை இறுகுவதில்லை. எனினும் கையுறை அணிவதும், பசையையும் மையையும் வடிகாலில் விடாமல் முதலில் வழித்தெடுப்பதும் இவற்றுக்கும் தேவை.

தமிழ்நாட்டில்

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் திரை அச்சு முக்கிய இடம் பெறுகிறது. கலைத் துறையில், 1994 இல் தொடங்கப்பட்ட சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம், கையால் செய்த தாளில் திரை அச்சு முறையில் நூல்களை வெளியிட்டு வருகிறது. கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகியோரின் ஓவியங்களைக் கொண்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' (2006) என்னும் நூல் கறுப்புத் தாளில் இவ்வாறு அச்சிடப்பட்டது. இந்நூல் 2008 இல் போலோனியா குழந்தைகள் நூற்சந்தையின் விருதைப் பெற்றது.

இவற்றையும் பார்க்க

* அச்சுக்கலை
* குரோமியம்
* புற ஊதாக் கதிர்
* இராணிப்பேட்டை